லேமினேஷன் போட்ட ரகசியம்

முக்கியமான காகிதம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், செல்வாம்பாள் அதை இரண்டு நாளைக்கு மேல் அம்மணமாகக் கிடக்க விடமாட்டாள். ஈ.சி.ஆர். ரோட்டில் இருக்கும் தெய்வசிகாமணி கடைக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டு, கூடவே இரண்டு ஜெராக்ஸும் எடுத்து வந்தால்தான் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ரேஷன் கார்டு, ஓட்டு கார்டு, புருஷனின் இறப்புச் சான்றிதழ், மகள் சங்கவியின் மார்க் ஷீட்டுகள் என்று அந்த வீட்டில் எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் கை வழுக்கும். ஒருமுறை கேஸ் பில்லுக்கே போட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தானே புயல் அடித்த மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் கூழாகக் கிடந்தது. ஊரே நிவாரணம் வாங்கிக்கொண்டிருக்க, நீ இந்த ஊர்க்காரிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு அவளை மட்டும் நாலு மாதம் அலைக்கழித்தார்கள். நனையாத காகிதம்தான் காகிதம் என்ற ஞானம் அவளுக்கு அப்போது வந்தது. மீன்கூடை தூக்கி வந்த காசில் கிடைத்த ஞானம் என்பதால் அதை லேசில் விடுவதாக இல்லை.

அந்தப் புதன்கிழமை சங்கவி தட்டாஞ்சாவடியில் தான் வேலை பார்க்கும் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். காகிதங்களைச் சரிபார்க்கலாம் என்று வந்தவள் கையில், அம்மா எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் அடுக்கிக் கொடுத்தாள். ஆதார், பான் கார்டு, ரேஷன் கார்டு என்று புரட்டிக்கொண்டே வந்தவளுக்கு அடுத்த உறையில் கை நின்றுபோனது.

அது அவளுடைய கையெழுத்து. கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டு, எண்ணுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள். நாலு மூலையும் வளைத்து வெட்டி, கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"இத எங்கேருந்துமா எடுத்த?"

"பீரோ அடித்தட்டுல பேப்பருக்குக் கீழ சொருகி வெச்சிருந்த. எலி கடிச்சிருந்தா என்னாடி பண்ணுவ? வெள்ளிக்கெழம தேவப்படுமேன்னு எல்லாத்தோடவும் சேத்துப் போட்டாந்தேன்."

போட்டு வந்தது சனிக்கிழமை. இரண்டு ஜெராக்ஸில் ஒன்று ஃபைலிலேயே பின்னால் இருக்கிறது. இன்னொன்றைத் திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் தில்லையம்மாளிடம் கொடுத்து அனுப்பியாயிற்று. கடல் எந்த நேரம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, ஒரு நகல் வேறு வீட்டில் இருப்பது நல்லது என்று செல்வாம்பாள் விளக்கம் சொல்லிவிட்டு, மகள் மெச்சிக்கொள்வாள் என்று காத்து நின்றாள்.

சங்கவிக்குக் காதுக்குள் ரத்தம் அடிக்கிற சத்தம் கேட்டது.

கம்பெனி வேலை போக அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனிக்கு, கம்ப்யூட்டரில் படகு, வலை, பீப்பாய், உடைந்த துடுப்பு என்று உருவங்கள் செய்து அனுப்புவாள். மீன்காரி மகள் படகு செய்தால் அது தப்பாக வருமா? அவர்களுக்குப் பிடித்துப்போய் இரண்டரை வருடமாகத் தொடர்ந்து வேலை கொடுத்தார்கள். சம்பளம் மட்டும் ரூபாயாக வராது, கிரிப்டோவாக வரும். டாலர் மதிப்பிலேயே நிற்கிற ஒரு காயின். அதை வாங்கி வைக்கப் போனில் வாலெட் திறந்து கொடுத்தவன் ஆகாஷ். அப்போது அவளோடு அதே கம்பெனியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்.

அவன் அன்றைக்கே தலையில் அடித்துச் சொல்லிவிட்டான். இந்தப் பன்னிரண்டு வார்த்தைதான் சாவி. போன் தொலைந்தால் வேறு போனில் இதை வரிசை மாறாமல் போட்டால் பணம் திரும்பி வந்து நிற்கும். ஆனால் உன் கை என்று அதற்குத் தெரியாது, எவன் போட்டாலும் அவனுக்கும் வந்து நிற்கும். போட்டோ எடுக்காதே, மெயிலில் வைக்காதே, வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, கேட்கிறவன் கடவுளாகவே இருந்தாலும் கொடுக்காதே. பேங்க் மாதிரி ஓடிப்போய் அழுவதற்கு இங்கே மானேஜர் கிடையாது. சங்கவி ஒன்றுவிடாமல் கேட்டாள். கையால் எழுதினாள், ஒரே தாளில் எழுதினாள், ஒளித்து வைத்தாள். உலகத்தில் உள்ள கள்ளனுக்கெல்லாம் பயந்தவள், அதே வீட்டில் அதே பீரோவைத் தினமும் திறக்கிற அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. சொன்னால் அம்மாவுக்கு என்ன புரியப் போகிறது என்ற நினைப்புதான். படித்த பிள்ளைகளுக்கு வருகிற வியாதி அது.

வாலெட்டில் அன்றைக்கு ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் பெறும் காயின் இருந்தது. பேங்கில் போட்டிருக்கலாம். பேங்கில் காசு இருந்தால் சொந்தக்காரர்களுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும் என்று பயந்துதான் போடவில்லை. அந்தக் காசுக்கு ஒரே ஒரு வேலை வைத்திருந்தாள். பிள்ளைச்சாவடியில் அவர்கள் தெருவுக்குக் கிழக்கே முன்பு இரண்டு தெருக்கள் இருந்தன. இப்போது கடல் இருக்கிறது. போன ஐப்பசியில் எதிர்வீட்டுச் சமையலறையைக் கொண்டுபோனது. ரோட்டுக்கு மேற்கே கலியமூர்த்தி என்பவர் இரண்டு குழி மனை விற்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு லட்சம் முன்பணம் வந்தால் இவர்களுக்கு, இல்லையென்றால் அடுத்து நிற்கிற ஆளுக்கு. மீதிக்குப் பேங்கில் லோன் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை ஆகாஷுக்கு வார விடுமுறை. அன்றைக்கு அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காயினை விற்று ரூபாயாக்கலாம் என்பது ஏற்பாடு. ஒரே ஒரு நாள் பாக்கி.

சங்கவி போனை எடுத்து வாலெட்டைத் திறந்து பார்த்தாள். ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம் அப்படியே இருந்தது. மூடினாள். திரும்பத் திறந்தாள். இருந்தது. லேமினேஷன் போட்டதைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா சொன்னது முதுகில் விழுந்தது.

தெய்வசிகாமணி கடையில் நாலைந்து பேர் மீன்பிடித் தடைக்கால நிவாரண விண்ணப்பத்தோடு நின்றிருந்தார்கள். ஊரில் யாருக்கு எந்த அரசாங்கக் காகிதம் வேண்டுமென்றாலும் அவர் கை பட்டுத்தான் போகும். ஐம்பது வயசு, மூக்கின் நுனியில் கண்ணாடி, நிற்காத வாய். சங்கவி குரலை அடக்கிக்கொண்டு, மெஷினுக்குள் நகல் ஏதாவது தங்குமா என்று கேட்டாள். இது பழைய மெஷின், கண்ணாடி மேல் வைத்தால் காப்பி வரும், எடுத்தால் போச்சு, அதுக்கு ஞாபக சக்தி கிடையாது என்றார். வேறு யாராவது அந்தத் தாளைப் பார்த்தார்களா என்று கேட்டாள். அவர் சிரித்தார்.

"ரிப்பன், டனல், டொமேட்டோன்னு எழுதியிருந்துச்சே, அதானே? பக்கத்து வூட்டுப் புள்ளைக்கி டியூசன் எடுக்கறியோன்னு நெனச்சேன் பாப்பா."

மூன்று வார்த்தை, வரிசை மாறாமல். அதை எதற்காகப் படித்தீர்கள் என்று அவள் கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணு இருக்குது, படிக்குது. இருவது வருசமா ஊரு பேப்பரெல்லாம் என் கைமேலதான் போவுது. ஒரு சேதி வெளிய போயிருக்குமா?"

போயிருக்கும். யார் மகன் எத்தனை பாடத்தில் ஃபெயில், யார் பட்டாவில் யார் பெயர் விடுபட்டது என்பதெல்லாம் அவர் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடை வரை தானாகவே நடந்து போயிருக்கிறது. அது ஊருக்கே தெரியும். சங்கவி திரும்பி நடந்தாள். என்ன பேப்பராம், என்ன பேப்பராம் என்று பின்னால் ஆரம்பித்துவிட்டது.

வழியிலேயே அத்தைக்குப் போன் போட்டாள். தில்லையம்மாள் நிம்மதியாக, அது சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது, மாமா பார்த்துவிட்டு என்ன மந்திரம் என்று கேட்டார் என்றாள். மாமாவோடு சீட்டாட வருகிறவர்களும் பார்த்தார்களா என்று கேட்கச் சங்கவிக்குத் தைரியம் வரவில்லை. அடுப்பில் வை, எரித்துவிடு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டுக்குள் வந்ததும், தட்டில் சோறு போட்டு வைத்திருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். இதில்தான் நம் மனைக்காசு இருக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னாள், அதுவும் திட்டுகிற திட்டோடு சேர்த்து.

"ஊரெல்லாம் காட்டிட்டு வந்திருக்க. காசு போச்சுன்னா ஒன்னாலதாம்மா. ஒன்னாலதான் போவும்."

செல்வாம்பாள் தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு வெளியே போய் மீன் உரசிக் கழுவுகிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று சங்கவிக்குத் தெரியும். சாவி வெளியே போனால் பூட்டை மாற்றிப் பிரயோஜனமில்லை, வேறு பெட்டி வாங்கிக் காசை அதற்கு மாற்ற வேண்டும். புதிதாக இன்னொரு வாலெட் திறந்தாள். புதிய பன்னிரண்டு வார்த்தைகளை எழுதி, இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து, மடித்துச் சுடிதாருக்குள் வைத்துக்கொண்டாள். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பழைய வாலெட்டில் மொத்தத்தையும் அனுப்பு என்று தட்டினாள். கட்டணம் போதவில்லை என்று சிவப்பில் வந்தது.

திரும்பத் தட்டினாள். திரும்பவும் சிவப்பு. ஒவ்வொரு முறை அனுப்புவதற்கும் ஒரு சின்னக் கட்டணம் உண்டு, அதை அவளிடம் இருந்த டாலர் காயினில் எடுத்துக்கொள்ளாது, வேறொரு காயினில்தான் கேட்கும். அந்தக் காயின் அவளிடம் ஒரு துளியும் இல்லை. படகு நிறைய மீன் இருந்தும் என்ஜினுக்கு டீசல் இல்லாத கதை. இரண்டரை வருடமாக வாங்க மட்டுமே செய்தவள், நூறு ரூபாயைக்கூட ஒருமுறை அனுப்பிப் பார்த்ததில்லை. அனுப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். காயின் விற்கும் ஆப்பில் போன வாரம்தான் கணக்குத் திறந்திருந்தாள். அதில் வாங்கலாம் என்று பார்த்தால், புதுக் கணக்கு, இன்றைக்கு வாங்கும் காயினை இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் வெளியே அனுப்ப முடியும் என்றது.

ஆகாஷுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவன் இப்போது தட்டாஞ்சாவடியிலேயே ஒரு மாத்திரைக் கம்பெனிக்கு மாறிவிட்டான். அங்கே கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், நாலரைக்குத்தான் கைக்கு வரும். இது தெரிந்தும் ஆறு முறை போட்டாள். மணி இரண்டு பத்து.

நாலரைக்கு இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம். சனிக்கிழமையிலிருந்து நாலு நாளாக அந்தத் தாள் ஊர் சுற்றியும் பணம் நகரவில்லை என்றால், இன்னும் இரண்டு மணி நேரம் நகராமல் இருக்கும் என்று யோசிக்கலாம். பக்கத்தில் நிதானமாக ஒரு ஆள் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் சங்கவிக்கு உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து வாசலுக்குமாக நடந்தாள். வாலெட்டைத் திறந்தாள், இருந்தது. மூடினாள். தெய்வசிகாமணி இந்நேரம் மிச்ச ஒன்பது வார்த்தையை நினைவுபடுத்திக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அத்தை வீட்டுச் சீட்டாட்டக் கும்பலில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் இருப்பான் என்று தோன்றியது. திறந்தாள், இருந்தது. ஒவ்வொரு முறை இருப்பதைப் பார்க்கும்போதும், அடுத்த முறை இருக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

அந்த வாலெட்டின் பெயரில் டெலிகிராமில் ஒரு குழு இருந்தது. அதில் போய், அவசரம், கட்டணம் இல்லை, என் வார்த்தைகளை யாரோ பார்த்துவிட்டார்கள், உடனே மாற்ற வேண்டும் என்று எழுதினாள். மீன் வெட்டிய இடத்தில் காக்கை வருவதற்குக்கூடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இங்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாலெட்டின் அதே முத்திரையைப் படமாக வைத்துக்கொண்டு, உதவி மையத்திலிருந்து எம்மா என்று ஒருத்தி தனியாக வந்தாள். பதற வேண்டாம் என்றாள். அந்த நாளில் சங்கவியிடம் பதற வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். கட்டணமில்லாமல் அவசர மாற்றம் செய்து தருகிறோம் என்று ஒரு இணைப்பை அனுப்பினாள். திறந்தால் வாலெட்டின் அதே நிறத்தில் ஒரு பக்கம், அதில் பன்னிரண்டு கட்டங்கள்.

கேட்கிறவன் கடவுளாகவே இருந்தாலும் கொடுக்காதே. ஆகாஷ் சொன்னது அவளுக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது. வந்த கையோடு இன்னொரு நியாயமும் வந்தது. ஊரே பார்த்துவிட்ட வார்த்தைதானே இது? ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்தாயிற்று, அத்தை பார்த்தாயிற்று, மாமா மந்திரம் என்றே சொல்லிவிட்டார். இத்தனை பேர் பார்த்ததை இவள் ஒருத்தி பார்த்தால் புதிதாக என்ன கெட்டுவிடப் போகிறது? இவளாவது உதவி செய்கிறேன் என்கிறாள். சாதாரண நாளில் அவளே கேட்டுச் சிரித்திருக்கக்கூடிய நியாயம் அது. அம்மா போட்டு வந்த லேமினேஷனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, எழுத்துப் பிழை இல்லாமல், ஒவ்வொரு கட்டமாகப் பன்னிரண்டையும் போட்டாள். பிளாஸ்டிக் உறைக்குள் எழுத்து நன்றாகத் தெரிந்தது.

பழைய வாலெட் காலியானது. ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. புதிய வாலெட்டைத் திறந்தாள். அதுவும் காலி. நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தாள். எம்மாவுக்கு எழுதினாள். எம்மா என்ற பெயரே அங்கே இல்லை. மணி இரண்டு ஐம்பத்துமூன்று.

அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் சங்கவி என்ன செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தரையில் உட்கார்ந்திருந்தாள். சோற்றுத் தட்டு மூடியபடி இருந்தது. காலுக்குக் கீழே பூமி நழுவுகிறது என்று சும்மா சொல்வார்கள், அவள் வீட்டில் அது வருடத்துக்கு நாலு அடி நிஜமாகவே நழுவிக்கொண்டிருக்கிறது. இனி அதிலேயேதான் இருக்க வேண்டும்.

நாலு முப்பத்தேழுக்கு ஆகாஷ் கூப்பிட்டான். அவள் அரையும் குறையுமாகச் சொன்னாள். அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தன் போனில் அந்த வாலெட்டின் கணக்கைத் தேடிப் பார்த்தான். இது ஒரு விசித்திரம், பணம் எந்த நிமிடத்தில் எந்த முகவரிக்குப் போனது என்பதை உலகமே பார்க்கலாம், யாராலும் கை நீட்டித் திருப்பி எடுக்க முடியாது. யாரோ கட்டணக் காயினை உள்ளே போட்டு, இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மொத்தத்தையும் ஒரே மூச்சில் எடுத்திருக்கிறார்கள் என்றான். அப்புறம் கேட்டான்.

"சங்கவி, உண்மைய சொல்லு. அந்த வார்த்தைங்கள எங்கனா டைப் பண்ணியா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாசற்படியில் அம்மா வந்து நின்றிருந்தாள். சங்கவிக்கு வாய் வரை வந்தது. இரண்டரை வருடமாக இந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள். அம்மாவுக்கு ஓ.டி.பி. யாரிடமும் சொல்லாதே என்று தினமும் பாடம் எடுப்பவள் அவள். மதியம் அம்மாவைப் பார்த்து அந்தக் கத்து கத்தியவளும் அவள்தான்.

"இல்ல. எங்கயும் போடல."

அப்படியென்றால் அந்தத் தாளைப் பார்த்த யாரோதான் என்றான் ஆகாஷ். வேறு வழியே இல்லை என்றான். உடனே சைபர் போலீஸின் 1930க்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய், முதல் சில மணி நேரம்தான் முக்கியம், போன முகவரியை நான் எடுத்து அனுப்புகிறேன், கூட நானும் வருகிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். சங்கவி நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் அம்மா இல்லை. அழுவதற்குப் பின்பக்கம் போயிருப்பாள் என்று நினைத்தாள்.

ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டுக் கமலா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஒங்கம்மா மடியில மண்ண கட்டிக்கினு ரோட்டுக்குப் போவுது. ஜெராக்ஸ் கடைக்காம். போய்ப் புடி."

மடியில் மண் என்றால் என்ன என்று அந்தக் கரையில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாதியற்றவளுக்கு அநியாயம் நடந்து, போலீசும் பஞ்சாயத்தும் கை கொடுக்காது என்று ஆகிவிட்டால், அநியாயம் செய்தவன் வாசலில் போய்த் தலையை அவிழ்த்துப் போட்டு, மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவாள். அப்படிச் சாபம் விழுந்த வாசலை அதன்பின் யாரும் மிதிக்க மாட்டார்கள். தெய்வசிகாமணி கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆத்திரத்துக்காக எடுக்கிற மண்ணும் இல்லை அது. ஒருமுறை அள்ளினால் சும்மா கீழே போடக் கூடாது, யார் தலையிலாவது விழுந்தே ஆக வேண்டும். குற்றமில்லாதவன் மேல் விழுந்தால் அள்ளியவள் வம்சத்துக்கே திரும்பும்.

ஓடினாள். ஓடும்போது ஒரு நினைப்பு வந்தது, வந்ததை மறைப்பானேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எம்மா வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. ஊர் பாவம் என்று சொல்லும், அம்மா தன் லேமினேஷனை நினைத்து ஆயுசுக்கும் அழுவாள், தெய்வசிகாமணியின் நாக்கை வைத்து எல்லோரும் நம்புவார்கள். அந்த நினைப்பு ரோடு வரைக்கும் அவள் கூடவே ஓடி வந்தது.

கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. செல்வாம்பாள் நடுவில் நின்றிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கடலோரத்து ஈரமண் மடியிலிருந்து புடவையில் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து ஓங்கியிருந்தாள். தெய்வசிகாமணி படியில் நின்றார். நிற்காத அந்த வாய் அன்றைக்குத்தான் நின்றிருந்தது. தப்பு செய்யவில்லை என்று சொல்லக்கூட வரவில்லை, கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"எம்பொண்ணு கண்ணு முழிச்சி சேத்த காசு," என்றாள் செல்வாம்பாள். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நம்பிக் குடுத்த பேப்பரு."

சங்கவி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதம்மா. அவரு இல்ல. நாந்தான்."

செல்வாம்பாளுக்கு விளங்கவில்லை. விடுடி என்று கையை உதறினாள். சங்கவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தாம்மா குடுத்தேன். எவளோ போன்ல கேட்டா, பன்னண்டையும் நானே போட்டுக் குடுத்தேன். ஒன் லேமினேசனால போவல. இவராலயும் போவல. ஆகாஷ் கேட்டப்ப பொய் சொன்னேன்."

ஊர் முன்னால் சொல்லிவிட்டாள். சொன்னதும் லேசாகும் என்பார்கள், அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். தெய்வசிகாமணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செல்வாம்பாள் மகளை உற்றுப் பார்த்தாள்.

"என்னாலன்னு சொன்னியேடி."

"சொன்னேன். தப்பு. ஒன்னால இல்ல."

"அப்ப இந்த மண்ண நா யாரு மேல போடறது?"

கேட்டது கோபத்தில் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். அள்ளியாயிற்று, கை ஓங்கியாயிற்று, அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். பேரும் ஊரும் இல்லாத ஒருத்திக்கு எந்த வாசல், எந்தத் தலை? சங்கவி மணிக்கட்டை விட்டுவிட்டு அம்மாவுக்கு முன்னால் ரோட்டிலேயே முழந்தாளிட்டாள்.

"என் தலையில போடும்மா."

கை மேலே போனது. சங்கவி கண்ணை மூடிக்கொண்டாள். ஈரமண் விழுகிற சத்தம் கேட்டது, அவள் மேல் ஒரு பொட்டு விழவில்லை. கண்ணைத் திறந்து நிமிர்ந்தாள். செல்வாம்பாள் அந்தக் கைப்பிடி மண்ணைத் தன் உச்சந்தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் மிச்சம் இருந்ததையும் வழித்துப் போட்டுக்கொண்டாள். நெற்றியிலும் காதோரத்திலும் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"ஆச்சு," என்றாள். "எந்திரி. அந்தத் தம்பி ஏதோ நம்பரு சொல்லிச்சே, அதுக்குப் போன போடு. நேரமாவுது."